போனை அரிசி டிரம்மில் போட்ட ஐப்பசி

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நாற்றங்காலில் தண்ணீர் கட்டி நிற்கிறது. வடிய வாய்மடை வெட்டிவிட வேண்டும். வெட்டவில்லை.

இது என் மகள் எட்டாவது படித்தபோது மிச்சம் விட்ட நோட்டு. அவள் பெயர் தமிழ். அவள் கல்யாணம் ஆகித் திருப்பூர் போய் ஆறு வருடம் ஆகிறது. நோட்டு பரண் மேலேயே கிடந்திருக்கிறது. கரப்பான் தின்ற ஓரம் போக மற்றதெல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நான் நாலாம் வகுப்பு வரை. அதிலும் மூன்றாம் வகுப்பில் பாதி நாள் வாத்தியார் வரவில்லை. அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமையவே இல்லை. அது வேறு கதை.

எழுத உட்கார்ந்தது நேற்று நடந்ததற்காக.

என் சம்சாரம் வள்ளிக்கண்ணு படுத்து ஐந்து மாதம். வயிற்றில் கட்டி. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கையில் போன். ஒருவன் காட்டுக்குள் தனியாக மண் வெட்டி, மூங்கில் வெட்டி, நீச்சல் குளம் கட்டுகிறான். ஒரு வார்த்தை பேச மாட்டான். கட்டிக்கொண்டே இருப்பான். வள்ளி தண்ணீர் கேட்டிருக்கிறாள். ம் என்றேனாம். திரும்பக் கேட்டிருக்கிறாள். ம். பிறகு சொம்பை அவளே எட்டி எடுக்கப் போய்க் கட்டிலை விட்டு விழுந்தாள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம் ஓடி வந்து தூக்கினாள். நான் எழுந்தபோதும் போனைக் கீழே வைக்கவில்லை. அந்த ஆள் குளத்தில் குதித்துவிட்டான்.

பஞ்சவர்ணம் கேட்டாள்: "ஏண்ணே, பக்கத்துல ஒக்காந்துக்கிட்டா? எருமை மாடுகூட சத்தம் கேட்டாத் திரும்பிப் பாக்கும்ணே."

வள்ளி வையவில்லை. இன்று காலை முகம் துடைத்துவிடும்போது சொன்னாள்.

"ஏங்க. இன்னும் எத்தன நாளுன்னு தெரியல. நான் போறப்ப என்னையப் பாத்துக்கிட்டு இருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

சரி என்றேன். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை.

இன்று முதல்:

கா. 6 மணி, தமிழோடு பேச மட்டும்.
மா. 6 மணி, திரும்ப ஒரு தடவை.
படம் ஓடுவது கிடையாது. ஒன்றே ஒன்று என்பதும் கிடையாது.
நான் வயலுக்குப் போனால், எப்போதும் போல, போன் வள்ளி தலைமாட்டில். அவசரத்துக்குப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட.
மற்ற நேரம் அரிசி டிரம்முக்குள்.

ஐப்பசி 5, புதன்

மேகம். மழை இல்லை. வாய்மடை வெட்டினேன்.

அரிசி டிரம்மைத் திறக்கப் போனது இன்று ஏழு தடவை. எண்ணினேன். ஒரு தடவை உண்மையாகவே அரிசி எடுக்கப் போய், போனைப் பார்த்துவிட்டு, அரிசி எடுக்காமல் வந்தேன்.

வள்ளி கட்டிலில் கிடந்தபடியே: "இருக்குறது ரெண்டு சீவன். அதுல ஒண்ணு கஞ்சி. இத்தன தடவ அரிசி அளக்குறீங்களே, ஊருக்கே விருந்தா?"

சிரித்தோம். சிரித்தால் அவளுக்கு வயிறு பிடித்துக்கொள்கிறது. சிரிக்க வைக்கக் கூடாது.

இடுப்பு மடிப்புக்குக் கை தானாகப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. மூக்குப்பொடி விட்ட என் சித்தப்பா சாகும்வரை இரண்டு விரலைச் சேர்த்தே வைத்திருந்தார். அந்த மாதிரி.

மத்தியானம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது புருவத்துக்குள் தழும்பு ஒன்று. கேட்டேன். சின்ன வயதில் அண்ணன் எறிந்த தேங்காய்க் குரும்பை பட்டதாம்.

"இப்பத்தான் பாக்குறீங்களா? ரேஷன் கார்டுலகூட அங்க அடையாளம்னு எழுதச் சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து: "என்ன, எம் மூஞ்சில எலக்ஷன் ரிசல்ட்டா ஓடுது? அங்கிட்டும் கொஞ்சம் பாருங்க, கூச்சமா இருக்கு."

ஐப்பசி 6, வியாழன்

விடியும்போதே மழை. பத்து மணிக்கு விட்டது.

ஒன்று எழுத வேண்டும். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதலாம். பொழுது போகாமல் நான் போன் பார்க்கவில்லை. அவளைப் பார்க்க முடியாமல்தான் பார்த்தேன். கன்னத்து எலும்பு நாளுக்கு நாள் மேலே வருகிறது. கண் மஞ்சள். வலி வரும்போது உதட்டை உள்ளே மடக்கிக்கொள்கிறாள். அதைப் பார்ப்பது, ஆள் இல்லாமல் ஒரு ஏக்கர் நடுவதைவிட இடுப்புக் குறுக்கை ஒடிக்கிறது. போனுக்குள் போய்விட்டால் அங்கே யாருக்கும் வலி இல்லை. லாரி பின்னால் வருகிறது. மாடு ஓடுகிறது. பெரிய அண்டாவில் எவனோ கறி கிண்டுகிறான்.

இன்று வள்ளிக்கு வலி வந்தது. மாத்திரை கொடுத்தேன். அது பிடிக்க அரை மணி ஆகும். அந்த அரை மணியில் எழுந்து போய் டிரம்மைத் திறந்துவிட்டேன். அடுப்படியில் நின்றபடி பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது தூங்கியிருந்தாள். உதடு மடங்கியபடியே.

இது சரிப்படாது. இருக்கும்வரை தின்னத்தான் தோன்றும். கள்ளுக்கடை பக்கத்தில் குடியிருந்துகொண்டு குடியை விட்டேன் என்பவன் பேச்சு.

பஞ்சவர்ணத்தை உட்கார வைத்துவிட்டு மத்தியானம் அரிமளம் போனேன். செல் கடை. கடையை நடத்துவது ஒரு பெண். பள்ளிக்கூடப் பை, குடை, சாமி படம், செல் எல்லாம் அங்கேயே கிடைக்கும். எனக்கு முன்னால் ஒரு ஆள், தன் போன் மணி அடித்தால் கொட்டுச் சத்தம் வர வேண்டும் என்று நின்றார். எந்தக் கொட்டு என்று முடிவு செய்ய அரை மணி. சாவுக்கொட்டாக ஒன்று வந்து, அய்யய்யோ வேண்டாம் என்றார்.

என் முறை வந்தது. "பேச மட்டும் இருந்தாப் போதும்மா. மத்த எல்லாத்தையும் எடுத்துரு."

"வாட்ஸப்பு?"

"அதுவும்."

"பேக்கப் எடுக்கணுமாண்ணே? போட்டோ, பேசினது எல்லாம் போயிரும்."

"என்னத்தப் பெரிய போட்டோ. குட் மார்னிங் ரோசாப்பூதான். சுத்தமாத் தொடச்சிரு."

துடைத்துக் கொடுத்தாள். புதுச் சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. வரும்போது தைலமரக் காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று இருந்தது.

ஐப்பசி 8, சனி

நேற்று எழுத எதுவும் இல்லை. நல்ல நாள். வள்ளி இரண்டு இட்லி தின்றாள். கட்டில் பக்கத்திலேயே இருந்தேன்.

இன்று காலை வயலில் வரப்பு உடைந்துவிட்டது. மண் அணைத்துவிட்டு வர இரண்டு மணி நேரம். போன் அவள் தலைமாட்டில்.

திரும்பி வந்தால் போனைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன புள்ள, பஞ்சுவக் கூப்புடணுமா?"

"இதுல அண்ணன் பேசினது இருந்துச்சு. காணோம்."

எனக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படுத்த நாளிலிருந்து நான் வயலுக்குப் போகும்போதெல்லாம் அவள் அவளுடைய அண்ணன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சேது மச்சான் முன்னாளில் வாட்ஸப்பில் பேசி அனுப்பியது. மொத்தம் ஏழு. வள்ளிக்கு எழுத்து தெரியாது. பச்சை டப்பா, அதைத் தொட்டுக் கீழே தள்ளிக்கொண்டே போனால் தலைப்பாக்கட்டோடு ஒரு போட்டோ, அதற்குள் சின்ன முக்கோணம். அதை அமுக்கினால் அண்ணன் பேசுவார். இப்படியே அடையாளம் வைத்திருந்திருக்கிறாள்.

"பச்சை டப்பாவே இல்லையேங்க."

சொன்னேன். அரிமளம் போனதை, துடைத்ததை, எல்லாவற்றையும்.

ஏழையும் வரிசையாகச் சொன்னாள். எறால் வாங்கி ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன், தலையைக் கிள்ளிவிட்டு ஆக்கு என்று ஒன்று. அம்மா திவசத்துக்கு முதல் நாளே வந்துவிடு என்று ஒன்று. ஒன்றில் பேச்சே இல்லை, கைதவறி அமுக்கியது, காற்றுச் சத்தமும் மச்சான் இருமலும்தானாம். அதையும் கேட்பாளாம்.

"மனப்பாடமாத் தெரியுதே புள்ள."

"சொல்லு மனப்பாடம். சத்தம் மனப்பாடமா வரமாட்டேங்குதுங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது நான் பார்க்க அவள் முதுகுதான் இருக்கிறது.

ஐப்பசி 9, ஞாயிறு

வெயில். புழுக்கம்.

செல் கடைக்குத் திரும்பப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதவு திறந்து வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். போனை வாங்கி என்னென்னவோ செய்து பார்த்தாள்.

"தொடச்சது தொடச்சதுதாண்ணே. நான் கேட்டேன்ல?"

கேட்டாள். அவள்மேல் தப்பு இல்லை.

மச்சானையே பேசச் சொன்னால் என்ன என்று யாரும் கேட்கலாம். நாலு வருடமாகப் பேச்சு இல்லை. அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான், அதுவும் இந்தப் போனால்தான்.

என்னைப் பெத்த அய்யா செத்த அன்று நடந்தது. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் சம்பந்தி வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டும். கேதம் சொல்லப் போகிறவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலில் நின்று, தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். மச்சான் வீடு மணமேல்குடிக்கு அந்தப் பக்கம், தென்னந்தோப்புக்குள். போக ஒரு ஆள், வண்டி, அரை நாள். நான் அய்யா படத்தைப் போட்டு, பூமாலை வரைந்து, உறவுக்காரர் குரூப்பில் ஒரே அமுக்காக அமுக்கிவிட்டேன். ஊரெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது என்று பெருமை வேறு. மச்சான் அன்று தோப்பில் காய் வெட்டு. பார்க்கவில்லை. மறுநாள் பார்க்கும்போது அய்யாவை எரித்துச் சாம்பல் அள்ளியாகிவிட்டது.

அய்யா உடம்புமேல் அவர் போர்த்த வேண்டிய கோடி வேட்டி மூன்றாம் நாள் வந்தது. மினி பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லிவிட்டதையும் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "போன்ல வந்த சாவுக்கு பஸ்ல வர்ற கோடி போதும்னு சொல்லச் சொன்னாருங்க."

அதற்கப்புறம் வரப்போக்கு இல்லை. வள்ளி படுத்தது அவருக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை. நானும் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

இன்று மாலை போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. அடித்தது. பாதியில் துண்டித்தார். திரும்பப் போட்டேன். உடனே துண்டித்தார்.

நாளை நேரில் போகிறேன். சொல்லாமல் கொள்ளாமல், போன் இல்லாமல். நாலு வருடத்துக்கு முன் போயிருக்க வேண்டிய மாதிரி.

ஐப்பசி 10, திங்கள்

போய்விட்டு வந்தேன். முழுவதும் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

ஏழு மணி பஸ். போன் வள்ளியிடம், வள்ளி பஞ்சவர்ணத்திடம். அறந்தாங்கியில் மாறும்போது செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம், அப்புறம் தூக்கிப் போட்டுவிட்டேன். மணமேல்குடியில் இறங்கும்போது நல்ல மழை. தோளில் இருந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன்.

மச்சான் வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. நாலு வருடம் பேசாத வீடு. வாங்க என்று யாராவது சொல்லாமல் எப்படி நுழைவது? அதனால் வாசலிலேயே நின்றேன்.

மச்சான் சம்சாரம் முறத்தோடு வெளியே வந்தது. என்னைப் பார்த்தது. தனியாள், வெறுங்கால், தலையில் ஈரத் துண்டு, வாசலைத் தாண்டாமல். "வா... வாங்க தம்பி" என்றது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியது. முதலில் பேசிவிடுவோம் என்று, "தண்ணி வேணாங்க்கா" என்றேன்.

அவ்வளவுதான். சொம்பு கீழே. "அய்யோ வள்ளீ, போயிட்டியாடி" என்று மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

"அக்கா இல்லக்கா, இருக்கா, உசுரோட இருக்கா" என்கிறேன். யார் கேட்கிறார்கள்? பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். வரும்போதே தலையை அவிழ்த்துக்கொண்டு. ஒரு அம்மா வள்ளியைப் பார்த்ததுகூட இல்லையாம், அது எல்லாருக்கும் மேலே அழுதது. தோப்புக்குள்ளிருந்து மச்சான் ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயது. சேற்றில் வழுக்கி முழங்காலில் விழுந்து, எழுந்திருக்காமல் அப்படியே தலையைத் தரையில் வைத்துக்கொண்டார். "ஒரு தடவ பாக்காமப் போயிட்டேனே, ஒரு தடவ பாக்காமப் போயிட்டேனே" என்றார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் காதுக்குள் கத்தினேன்.

"மச்சான்! சாகல! நான் கேதம் சொல்ல வரல!"

நிமிர்ந்தார். "பின்ன எதுக்குய்யா வாசல்ல நின்ன?"

"நீங்க கூப்புடாம எப்புடி மச்சான் வாரது?"

"ஒரு போனப் போட்டுட்டு வரக்கூடாதா?"

போட்டேன், நீங்கள்தான் எடுக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அழுத பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு என்னை வைதார்கள். ஒரு பெரியம்மா, "இந்தக் காலத்துல வேற எதுக்குடா ஒரு மனுசன் சொல்லாம நேர்ல வருவான்?" என்றது.

மச்சானிடம் எல்லாம் சொன்னேன். அய்யா சாவுக்கு நான் செய்தது தப்பு என்றேன். ஏழு பேச்சையும் துடைத்ததைச் சொன்னேன். அவள் உங்கள் குரலுக்காகக் கிடக்கிறாள் என்றேன். இருமல் மட்டும் இருந்ததைச் சொன்னபோது மச்சான் எழுந்து போய் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டார்.

"இப்பவே ஒங்க போன்ல போட்டுத் தாரேன் மச்சான். ரெண்டு வார்த்தை பேசுங்க."

"நாலு வருசம் பேசாதத போன்லயா பேசச் சொல்ற மாப்ள? நேர்ல வாரேன்."

கையோடு கூப்பிட்டேன். பெண்கள் விடவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி வைத்தாயிற்று, தலை முழுகி, கோயிலில் விளக்குப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நாளை செவ்வாய், நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாது. புதன்கிழமை போகட்டும் என்றார்கள். மச்சான் அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "புதன்கிழமை வாரேன். அவகிட்டச் சொல்லு" என்றார்.

மாலை வீட்டுக்கு வந்தால் வாசலில் பஞ்சவர்ணம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அழுத கூட்டத்தில் எவரோ, நான் இல்லை இல்லை என்று கத்திக்கொண்டிருந்த நேரத்திலேயே, வள்ளி படத்தைக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அப்புறம் எடுத்திருக்கிறார்கள். அதற்குள் போன்மேல் போன். முதல் போன் தமிழ். அழுதுகொண்டே "அப்பா" என்றிருக்கிறாள். எடுத்தது வள்ளி.

"அப்பா ஒங்க மாமா ஊருக்குப் போயிருக்காரு. நாந்தாண்டி. இன்னும் சாகல. சோறு தின்னியா?"

என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "நான் செத்துட்டேனாமே. அண்ணன் அழுதுச்சா?"

"மண்ணுல விழுந்து அழுதாரு புள்ள."

"சரி." கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "எப்ப வருதாம்?"

ஐப்பசி 11, செவ்வாய்

அடைமழை. கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது என்றார்கள். பார்க்கப் போகவில்லை.

கஞ்சி வேண்டாம் என்கிறாள். இரண்டு கரண்டி வாயில் வைத்தேன். கடைவாயில் வழிந்தது. வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வரும் நர்ஸம்மா மழையிலும் வந்தது. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மகளை வரச் சொல்லுங்கள் என்றது. தமிழுக்குச் சொன்னேன். கம்பெனியில் நாளைதான் லீவு கிடைக்கும், வியாழன் விடியும்போது வந்துவிடுகிறேன் என்றாள்.

தமிழோடு பேச எடுத்தது போக இன்று டிரம்மைத் திறக்கவில்லை. நினைப்பே வரவில்லை. அதை இப்போது எழுதும்போதுதான் கவனித்தேன்.

வள்ளி கேட்டது: இன்னைக்கு என்ன கெழமை. ஐந்து தடவை.

ஐப்பசி 12, புதன்

மழை விட்டுவிட்டது. மச்சான் வரும் நாள். வள்ளிக்குத் தலை வாரி, மஞ்சள் சேலை. வாசல் பக்கம் முகம் இருக்கும்படி கட்டிலைத் திருப்பினேன். அவள் சொல்லவில்லை, நானாகத்தான்.

மூச்சு ஒரு மாதிரி விட்டுவிட்டு வருகிறது.

ஐப்பசி 15, சனி

மூன்று நாள் எழுதவில்லை. தமிழ் அடுப்படியில். மச்சான் வெளியே நாற்காலியில். இன்று பால் ஊற்றிவிட்டு வந்தோம்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மச்சான் வந்தார். இளநீர்க் குலை, தலை முழுகிய ஈரம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கால்மாட்டில். வள்ளி கண் மூடியிருந்தாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் வந்து, வாயைத் திறக்கிறார், மூடுகிறார்.

"பேசுங்க மச்சான். ஒங்க சத்தத்துக்குத்தான் கெடக்கா."

"என்னத்தப் பேச மாப்ள?"

"என்னத்தையாச்சும்."

தொண்டையைச் செருமினார். "வள்ளி. அண்ணன் வந்துருக்கேன். செவல மாடு கன்னு போட்டுருக்கு. காளக் கன்னு. நெத்தில வெள்ள. ஒம் மதினி அதுக்கு ஒம் பேர வைக்கணுங்குது. காளைக்குப் போயி எவளாச்சும் வள்ளின்னு வைப்பாளா? நான் சொல்லிப்புட்டேன், நீ வேணாப் பொட்டச்சி பேரு வச்சுக் கூப்புடு, அது திரும்பிப் பாக்குதான்னு பாப்போம்னு..."

வள்ளி கண்ணைத் திறந்தாள். உதட்டு ஓரம் அசைந்தது. அது சிரிப்புதான். எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மச்சான் நாளைக்குப் போய்விடுவார். அவள் திரும்பக் கேட்பாள். துடைத்ததற்குப் பதிலாக இதைப் பிடித்து வைத்துவிடலாம். எழுந்து போய் டிரம்மைத் திறந்தேன். போனில் ஒட்டியிருந்த அரிசி மாவை வேட்டியில் துடைத்தேன். கடைக்காரப் பெண் துடைக்காமல் விட்ட மைக் படம் ஒன்று உண்டு, முன்பு தமிழ் காட்டியிருக்கிறாள். அதை அமுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் வந்து உட்கார்ந்தேன். நொடி ஓடியது. சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. போன தடவை மாதிரி ஏதாவது தப்பாகிவிடக் கூடாது என்று அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இருபது. ஒன்று ஐம்பது. இரண்டு நாற்பது.

"மாப்ள" என்றார் மச்சான்.

"நிறுத்தாதீங்க மச்சான், பேசுங்க, நல்லா விழுகுது."

"மாப்ள."

நிமிர்ந்தேன்.

மூன்று நிமிடம் பதினோரு நொடி இருக்கிறது அதில். எந்த நொடியில் போனாள் என்பதும் அதற்குள் இருக்கும். போட்டுக் கேட்கவில்லை.

சற்றுமுன் தமிழ் மச்சானுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டாள். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"மாமா, அம்மா கடைசியா ஒங்களையா பாத்துச்சு?"

"காதுதான் ஆத்தா எம் பக்கம் இருந்துச்சு. கண்ணு ஒங்கப்பாவத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."